ஐயாவின் பேரேட்டில் ஏரோப்ளேன் ஆட்கள்: யார் அந்த வங்காளத்து விமானி?

வளவுவீடு · ஞாயிறு, காலை 10:12

பள்ளத்தூர் வீட்டை ஒழுங்குபடுத்த மூன்று நாள் போயிருந்தேன். ஒழுங்குபடுத்த என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஒன்பது புள்ளி (பங்குக் குடும்பம்), ஒன்பது சாவி, ஒரு கதவைத் திறக்க நாலு பேரிடம் போனில் கேட்கவேண்டும். இரண்டாம் கட்டில் எங்கள் பங்கு அறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஐயாவின் விலாசம், கீழே 'ரங்கூன்'.

உள்ளே பாதி செல்லரித்த ஒரு பேரேடு. ஐயா (அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவர்) 14 வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர். பிறகு பர்மாவில் டவுங்கூ ஊரில் ஒரு வட்டிக் கடைக்கு மேலாள். 1942இல் நடந்தே வந்து சேர்ந்தார். வரும்போது நகைநட்டு எதுவும் இல்லையாம், இந்தப் பேரேடு மட்டும் வேட்டியில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்ததாம். "உசுரு போனாலும் கணக்கு வரணும்" என்று ஆத்தா இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

ஒரு பக்கத்தில் 'விஷு௵ தை௴' என்று இருக்கிறது. தேதியைச் செல் தின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு வரி: 'நம் தேசத்து ஏரோப்ளேன் ஆட்கள் 9க்கு பலகாரம், காப்பி'. தொகை எழுதிய ஓரம் அடுத்த தாளோடு ஒட்டிக்கிடக்கிறது. பிரிக்கப் பயந்து அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஐயா திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான், மறுநாள் வங்காளத்து விமானி ஒருத்தர் தனியாகப் போய் அவன் தளத்தையே அடித்துவிட்டு வந்தார், அவரால்தான் நாங்கள் உயிரோடு வந்தோம் என்பார். சின்ன வயதில் அதை அம்புலிமாமா கதை என்றுதான் நினைத்தேன். இப்போது இந்த வரியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அப்படி ஒருத்தர் உண்மையிலேயே இருந்தாரா?

---

ஓடுதளத்து_ஆடு · ஞாயிறு, காலை 10:40

ஆச்சி, டவுங்கூ என்றால் அமெரிக்காக்காரன் 'பறக்கும் புலிகள்' அல்லவா? மூக்கில் சுறா வாய் வரைந்த விமானம். 1941இல் அவர்கள் பயிற்சி எடுத்தது அந்த ஊர்த் தளத்தில்தான் என்று படித்திருக்கிறேன். ஐயா வெள்ளைக்காரனைப் பார்த்து வங்காளி என்று சொல்லியிருக்க மாட்டாரே.

---

தேக்குத்தூண் · ஞாயிறு, காலை 11:05

எல்லா வளவு வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டில் மாண்டலே யானை ஒன்று ஐயாவைத் தூக்கி ஆற்றைக் கடக்கவைத்த கதை. யானையின் உயரம் வருஷத்துக்கு ஒரு அடி கூடும்.

---

இன்ஜின்பிட்டர் · ஞாயிறு, மதியம் 1:30

ஆச்சி, அப்படி ஒருத்தர் இருந்தார். ஸ்குவாட்ரன் லீடர் கருண் கிருஷ்ண மஜும்தார். படையில் அவருக்கு 'ஜம்போ' என்றுதான் பெயர். நான் புதுவயல்காரன், 20 வருஷம் விமானப்படையில் இன்ஜின் பிட்டர் வேலை. சேர்ந்த புதிதில் எங்களைப் பரேடு மைதானத்தில் வெயிலில் நிறுத்திவைத்துச் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று. கேட்கும்போது கால் வலிதான் தெரிந்தது, கதை பின்னால்தான் உறைத்தது.

முதலில் தேதி. விஷு வருஷம் தை மாதம் என்றால் 1942 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) டவுங்கூவில் வந்து இறங்கியது பிப்ரவரி 1. அதாவது தை 19, 20 வாக்கில். பேரேடு பொய் சொல்லவில்லை. தம்பி சொன்ன அமெரிக்கர்களும் டவுங்கூவில் இருந்தவர்கள்தான், ஆனால் முந்தின வருஷம். போர் மூண்டதும் கிளம்பிவிட்டார்கள்.

அப்போது நிலைமை என்ன என்று பாருங்கள். 1941 டிசம்பர் 23, 25 தேதிகளில் ரங்கூனில் குண்டு. ஜனவரி 31 மோல்மேன் ஊர் ஜப்பான் கைக்குப் போய்விட்டது. தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஜப்பான் படை வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மஜும்தார் கூட்டிக்கொண்டு வந்த விமானம் லைசாண்டர்.

லைசாண்டரைப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? இறக்கை தலைக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்கு மேல் பந்தல் போட்ட மாதிரி இருக்கும். சக்கரம் உள்ளே மடங்காது, செருப்புப் போட்டதுபோல உறை மாட்டித் தொங்கும். உள்ளே இரண்டு பேர்: முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கிக்காரர். தரைப்படைக்கு வேவு பார்க்க, பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று சொல்ல, கடிதம் போட, எடுக்க. அதற்காகச் செய்தது. முடுக்கினால் மணிக்கு 340 கிலோமீட்டர் போகும். எதிரில் வரும் ஜப்பான் சண்டை விமானம் 450க்கு மேல். பார வண்டி மாட்டைக் கொண்டுபோய் ரேக்ளாவில் பூட்டிய கதை.

இவர்கள் வந்து இறங்கியதும் ஜப்பான்காரன் டவுங்கூ தளத்தை அடித்தான். லைசாண்டர்களைத் தள்ளித் தள்ளி மரத்தடியில் நிறுத்தியிருந்ததால் தப்பின. மஜும்தார் அதோடு விடவில்லை. அடிக்க வந்தவன் எங்கிருந்து வந்தான்? தாய்லாந்துப் பக்கம் மே ஹாங் சோன் தளம், மலைக்கு அப்பால் சுமார் 160 கிலோமீட்டர். லைசாண்டரில் 250 பவுண்டு குண்டு இரண்டைக் கட்டிக்கொண்டு மறுநாளே கிளம்பினார். குண்டு போடும் விமானமாக அவர் ஒருத்தர்தான். துணைக்கு இரண்டு பஃபலோ சண்டை விமானங்கள் வந்தன. காட்டு மரங்களின் உச்சியை உரசுகிற உயரத்தில் போய், குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கும் மறுநாள் ஸ்குவாட்ரன் முழுவதையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனார்.

வேவு விமானத்தைக் குண்டு விமானம் ஆக்கலாம் என்று வாயால் சொல்லிவிடலாம். குண்டு தொங்கும் இடம், இறக்கை தாங்கும் எடை, ஓடுதளத்தின் நீளம் எல்லாவற்றையும் தரையில் ஒருத்தன் கணக்குப் போடவேண்டும். அந்த ஸ்குவாட்ரனின் பட்டறையில் ஹர்ஜிந்தர் சிங் என்று ஒருவர் இருந்தார். இன்ஜினியரிங் படித்துவிட்டு, சாதாரண 'ஹவாய் சிப்பாய்' (விமானப்படையின் அடிமட்ட வீரர்) ஆகச் சேர்ந்தவர். பின்னால் ஏர் வைஸ் மார்ஷல் வரை போனார். எங்கள் டிரேடுக்காரர்களுக்கு மஜும்தாரைவிட அவர்தான் குலதெய்வம். சரி, அது வேறு கதை, இழையைத் திசை திருப்பவில்லை.

---

வளவுவீடு · ஞாயிறு, மதியம் 2:02

அண்ணே, படிக்கும்போது கை நடுங்கிவிட்டது. ஆத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "உங்கய்யா பொய் சொல்ல மாட்டாக, வட்டி விஷயத்தைத் தவிர" என்றார்.

---

தேக்குத்தூண் · ஞாயிறு, மாலை 4:18

விமானி உண்மை, சரி. ஆனால் "அவரால்தான் உயிரோடு வந்தோம்" என்கிற பகுதியை யாரும் தொடவில்லையே. இரண்டு நாள், ஒரு எல்லைப்புறத் தளம். ரங்கூனில் மார்ச் 8 ஜப்பான் படை நுழைந்தது. மார்ச் கடைசியில் டவுங்கூவும் போனது. மே 1 மாண்டலே. அந்தக் குண்டு எதை நிறுத்தியது?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவருக்குப் பதக்கம் கொடுத்தது யார்? பிரிட்டிஷ் ராஜா. இந்தப் பக்கம் ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு', நம் ஊர்ப் பையன்கள் தந்திக் கம்பியை அறுத்து ஜெயிலுக்குப் போகிறார்கள். அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சாம்ராஜ்யத்துக்காக விமானம் ஓட்டியவரைத் தூக்கிவைத்து ஆடவேண்டுமா?

---

ஓடுதளத்து_ஆடு · ஞாயிறு, மாலை 4:31

விக்டோரியா சிலுவை சும்மா கொடுப்பார்களா அண்ணே? அதுவும் முதல் இந்திய விமானிக்கு.

---

இன்ஜின்பிட்டர் · ஞாயிறு, மாலை 5:10

தம்பி, விக்டோரியா சிலுவை இல்லை. அவர் வாங்கியது டி.எஃப்.சி. என்று சொல்லும் பறக்கும் படைச் சிலுவை, பர்மாவில் செய்ததற்காக 1942இல். பிறகு 1944இல் ஐரோப்பாவுக்குப் போய் பிரிட்டிஷ் படையின் 268ஆம் ஸ்குவாட்ரனில் நார்மண்டிச் சண்டையில் வேவு பறந்தார். அதற்காக அதே சிலுவை இரண்டாம் தடவை. இரண்டாம் தடவை கிடைத்தால் புதுச் சிலுவை தரமாட்டார்கள், ரிப்பனில் ஒரு பட்டை சேர்ப்பார்கள், அதற்கு 'பார்' என்று பெயர். அந்தப் போரில் இப்படி இரண்டு தடவை வாங்கிய இந்திய விமானி அவர் ஒருவரே.

'முதல் இந்தியர்' என்றும் சொல்லாதீர்கள். இந்திய விமானப்படையில் முதல் என்றால் சரி. முதல் உலகப் போரிலேயே கல்கத்தாப் பையன் இந்திரலால் ராய் டி.எஃப்.சி. வாங்கிவிட்டார். 1918 ஜூலையில் 13 நாளில் 10 விமானம் வீழ்த்தியவர். அதே மாதம் 22ஆம் தேதி இறந்தார், வயது 19. பதக்கம் வீட்டுக்குத்தான் வந்தது.

தேக்குத்தூண் கேட்டதற்கு: குண்டு பர்மாவைக் காப்பாற்றவில்லை. அதை நான் சொல்லவும் இல்லை. மார்ச்சில் அந்த ஸ்குவாட்ரனே விமானங்களை அங்கேயே ஒப்படைத்துவிட்டு இந்தியா திரும்பியது.

---

கண்டனூர்க்காரி · ஞாயிறு, இரவு 8:45

தேக்குத்தூண் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலேயே இந்த வழக்கு இருந்தது.

அப்பத்தா வீட்டு ஐயா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். ஆயா வீட்டு, அதாவது அம்மா வழி ஐயா ரங்கூனிலேயே மாட்டிக்கொண்டவர். நேதாஜி 1944 ஜனவரியில் தலைமையிடத்தை ரங்கூனுக்கு மாற்றினார் இல்லையா, ஏப்ரலில் ஆசாத் ஹிந்த் வங்கி திறந்தார். கையில் மிச்சமிருந்ததை ஆயா வீட்டு ஐயா அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்டால், "திரும்பி வராத கடன்னு தெரிஞ்சே குடுத்த ஒரே கடன் அதுதான்" என்பார். ஜான்சி ராணிப் படையில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்த பெண்கள், துப்பாக்கி தூக்கினார்கள்.

அதே 1944இல் இம்பாலில் என்ன நடந்தது? மஜும்தார் விட்டுவிட்டு வந்த அதே 1ஆம் ஸ்குவாட்ரன், இப்போது அர்ஜன் சிங் தலைமையில், ஹரிக்கேன் விமானத்தில் ஜப்பான் படையின்மேல் பறக்கிறது. கீழே ஜப்பான்காரனோடு ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) ஆட்களும் இருக்கிறார்கள். மேலேயும் நம்ம ஆள், கீழேயும் நம்ம ஆள். அர்ஜன் சிங்குக்கு அதற்காக டி.எஃப்.சி., மவுன்ட்பேட்டன் கையால். பின்னால் 1965 போரில் விமானப்படைத் தளபதி அவர்தான். 2002இல் மார்ஷல் பட்டம்.

இரண்டு ஐயாக்களும் ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பேச்சு வந்தால் இரண்டு பேரும் ரசம் கேட்பார்கள்.

---

தேக்குத்தூண் · ஞாயிறு, இரவு 9:20

ரசம் நல்ல பதில். ஆனால் நான் இன்னும் ஒரு படி போகிறேன். நாம் பர்மாவில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் இந்தக் கதையில் சேர்க்கவேண்டும். 1930 வாக்கில் அங்கே நம்மவர்கள், அதாவது நகரத்தார், நடத்திய வட்டிக் கடை சுமார் 1,650. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் மூழ்கியது. 1937 வாக்கில் நூற்றுக்கு 25. நாலில் ஒரு பங்கு. பர்மாக்காரன் அதை எப்படிப் பார்த்திருப்பான்? ஜப்பான் குண்டு விழுந்தபோது அவன் நமக்காக அழவில்லை. 1948இல் நிலத்தை அரசுடைமை ஆக்கினான். நம் வளவுத் தூண்களைத் தட்டிப்பார்த்தால் அதுவும் சேர்ந்துதான் ஒலிக்கிறது.

ஆகவே விமானி காப்பாற்ற வந்தார் என்றால், யாரை, யாரிடமிருந்து?

---

வளவுவீடு · ஞாயிறு, இரவு 9:58

என் கேள்வி அவ்வளவு பெரியதில்லை அண்ணே. ஒன்பது பேருக்குப் பலகாரம் போனது, அந்த ஒன்பது பேர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான்.

---

இன்ஜின்பிட்டர் · திங்கள், காலை 6:15

இரவு முழுக்க யோசித்தேன். தேக்குத்தூண் சொன்ன நிலக் கணக்கு சரி, அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அதை விமானி தலையில் கட்டக்கூடாது.

அந்தக் காலத்தை நினையுங்கள். இந்திய விமானப்படை தொடங்கியதே 1932 அக்டோபர் 8. முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1, கராச்சி டிரிக் ரோட்டில். மொத்தம் 4 வாபிட்டி விமானம், மேலே துணி போர்த்தியவை. இந்தியன் விமானம் ஓட்டுவானா, ஓட்டினாலும் இன்னொரு இந்தியன் அவன் உத்தரவைக் கேட்பானா என்றெல்லாம் வெளிப்படையாகவே சந்தேகப்பட்ட காலம். மஜும்தார் வந்த குடும்பத்தையும் பாருங்கள். அவருடைய தாய்வழித் தாத்தா உமேஷ் சந்திர பானர்ஜி, 1885இல் காங்கிரசின் முதல் தலைவர். தாத்தா வெள்ளைக்காரனிடம் மனுப் போட்டார், பேரன் அவன் விமானத்தில் ஏறினான். இதில் முரண் இருக்கிறதா, தொடர்ச்சி இருக்கிறதா என்று நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்து அவர் செய்த காரியம் ஒன்றுதான். தன் ஆட்களைப் பழைய விமானத்தோடு, போதாத சாமானோடு முன்னணிக்கு அனுப்பினார்கள். "அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திரு" என்பதுதான் எழுதப்படாத உத்தரவு. அவர் உட்காரவில்லை. முதலில் தான் போய் வந்துவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களைக் கூப்பிட்டார். பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு இந்த வரிசை முக்கியம். நாங்கள் பூட்டிய திருகை நம்பி முதலில் ஏறுகிற அதிகாரி ஒரு ரகம், "நீ ஏறிப் பார்" என்பவர் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் ஒருவரிடம் நானே வேலை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அப்புறம் அவர் முடிவு. பர்மாவில் சாகவில்லை, நார்மண்டியில் சாகவில்லை. 1945 பிப்ரவரி 17, லாகூர். மக்களுக்கு விமான வித்தை காட்டிப் படைக்கு ஆள் சேர்க்கிற காட்சி. ஹரிக்கேனில் ஏறிச் சாகசம் காட்டும்போது தரையில் மோதி இறந்தார். வயது 31. அடுத்த மாதம்தான் இந்திய விமானப்படைக்கு 'ராயல்' என்ற பட்டம் வந்தது. அவர் பார்க்கவில்லை.

இருந்திருந்தால் சுதந்திர இந்தியாவின் விமானப்படைத் தலைமைக்கு வந்திருப்பார் என்று எங்கள் ஆட்கள் சொல்வது உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு அது, நானும் பேசியிருக்கிறேன்.

---

ஓடுதளத்து_ஆடு · திங்கள், காலை 8:02

அப்படியானால் நம்ம செட்டிநாடு ஏரோடிரோமுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்குமோ? கால்நடைப் பண்ணைக்குள்ளே கிடக்கிறதே, அதுவும் அந்தப் போர்க்காலத்து ஓடுதளம்தானே. எங்கள் தெருவில் ஒருத்தர் "ஜம்போ இங்கே இறங்கி, வளவில் சாப்பிட்டுவிட்டுப் போனார்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். நேற்றுத்தான் இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

---

இன்ஜின்பிட்டர் · திங்கள், காலை 8:20

கதை எப்படி முளைக்கிறது என்று கண் முன்னால் பார்த்தாயிற்று! தம்பி, அவர் இங்கே இறங்கினார் என்று எழுதாதீர்கள். ரங்கூன் விழுந்த பிறகு வங்கக் கடல் பக்கம் பயம் வந்தது. ஏப்ரல் 1942இல் கொழும்பு, திருகோணமலையிலேயே குண்டு விழுந்துவிட்டதே. சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் அந்தப் போர்க்காலத்து ஓடுதளங்கள் பல. செட்டிநாடும் அந்த வரிசையில் ஒன்று. அந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

ஓடுதளத்து_ஆடு · திங்கள், காலை 8:47

சரி அண்ணே, நிறுத்திக்கொண்டேன். ஆனால் அந்த ஓடுதளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா? என் பெயரே அதனால் வந்ததுதான்.

செட்டிநாடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எங்கள் வீடு. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த ஓடுதளத்தில்தான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "இடிக்கிறதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல, தைரியமா ஓட்டு" என்றார். ஒன்றே ஒன்று இருந்தது. ஆடு. நட்ட நடுவில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. ஹாரனுக்கு அசையவில்லை. நான் பிரேக் என்று நினைத்து மிதித்தது பிரேக் இல்லை. ஆடு தப்பித்தது, கார் போய்க் கருவேல முள்ளில் உட்கார்ந்தது. நாலு டயரும் போச்சு.

மத்தியானத்தில் அங்கே நின்று பார்க்கவேண்டும். செம்மண்ணும் சரளையும் காய்ந்து, கானல் தண்ணீர் மாதிரி நெளியும். விரிசலில் ஆவாரம் பூத்திருக்கும். விமானத்துக்காகப் போட்ட நேர்க்கோடு ஆனதால், எங்கே நின்றாலும் கடைசி தெரியாது. விமான நிலையம் வரும் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள். வந்தால் ஆடுகளுக்கு வேறு இடம் பார்க்கவேண்டும்.

---

கண்டனூர்க்காரி · திங்கள், மதியம் 12:15

விமானத்துக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தம் வேண்டுமென்றால் கோட்டையூர் போதுமே. அழகப்பச் செட்டியார் லண்டனில் க்ராய்டன் தளத்தில் விமானம் ஓட்டக் கற்றவர். போர் முடிந்த பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியே நடத்தினார். காரைக்குடியில் கல்லூரி வாசலில் சிலையாக நிற்கிறவர் விமானி என்று அங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இன்னொன்று. அந்தப் போரில் 'மதராஸ் பிரசிடென்சி' என்று பெயர் வைத்த பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களே இருந்தன: 79, 234, 264. இந்த மாகாணத்து நிதியில் விமானம் வாங்கிக் கொடுத்ததற்கு அந்தப் பெயர். ஆக, வெள்ளைக்காரன் விமானம் வெள்ளைக்காரன் விமானம் என்கிறோம், காசு யார் மடியிலிருந்து போனது?

---

தேக்குத்தூண் · திங்கள், மதியம் 12:50

அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பதக்க விஷயத்தில் மட்டும் ஒரு மனக்குறை. நாமே நம்மவரை எப்படி நடத்தினோம் என்று பாருங்கள். குடகுக்காரர் தேவய்யா, இதே 1ஆம் ஸ்குவாட்ரன். 1965 செப்டம்பர் 7 பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத் தாக்குதலுக்கு மிஸ்டேர் விமானத்தில் போனவர் திரும்பவில்லை. அதைவிட எவ்வளவோ வேகமான பாகிஸ்தான் ஸ்டார்ஃபைட்டரை எதிர்த்துத் திரும்பி அடித்து வீழ்த்தினார் என்பதே நமக்கு வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றின் வழியாகப் பின்னால்தான் தெரிந்தது. மகாவீர் சக்ரம் கொடுத்தது 1988இல். 23 வருஷம். வெள்ளைக்காரன் மஜும்தாருக்கு அதே வருஷம் கொடுத்துவிட்டான் என்பதை நானே சொல்லவேண்டி வருகிறது பாருங்கள்.

---

மட்டுறுத்துநர் · திங்கள், மதியம் 1:05

1965 பற்றித் தனி இழை தொடங்குங்கள். இங்கே டவுங்கூவோடு இருப்போம்.

---

பெட்டியடி · திங்கள், மாலை 6:30

இரண்டு நாளாக மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். என் தொழில் பழைய பேரேடு படித்துக் கொடுப்பது. ஆச்சி, அந்தத் தாளை ஆவியில் காட்டாதீர்கள், மை கரைந்துவிடும். இரண்டு நாள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் காற்றாட வையுங்கள், ஈரம் வாங்கிக் காய்ந்ததும் பனையோலை நறுக்கைச் செருகி மெதுவாக நெம்புங்கள். தானாக விடும்.

விட்ட பிறகு தொகையைப் பார்க்காதீர்கள், தலைப்பைப் பாருங்கள். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார் என்பதுதான் விஷயம். மகமையில் எழுதியிருந்தால் தர்மம் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுச் செலவில் எழுதியிருந்தால் விருந்தாளி. கடைச் செலவு என்றால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருந்தது. மேலாள் முதலாளிக்குக் கணக்குக் காட்டவேண்டியவர், சும்மா எழுத முடியாது.

---

தேக்குத்தூண் · திங்கள், மாலை 6:44

மகமைதான். சந்தேகமே இல்லை. குண்டு விழுகிற ஊரில் வேறெப்படி எழுதுவார்?

---

கண்டனூர்க்காரி · திங்கள், மாலை 6:52

வீட்டுச் செலவு. நம் ஆட்கள் சாப்பாட்டைத் தர்மத்தில் எழுத மாட்டார்கள். வந்தவர் விருந்தாளி.

---

வளவுவீடு · வியாழன், இரவு 9:15

தாள் விட்டுவிட்டது! பெட்டியடி அண்ணனுக்குக் கோடி நன்றி. ஓலை நறுக்கு மந்திரம் மாதிரி வேலை செய்தது. இடது ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தது, எழுத்துக்குச் சேதமில்லை.

ஒரு வரி இல்லை, மூன்று வரி இருக்கிறது. (தொகை ரூபாய்-அணா-பைசா கணக்கு, 16 அணா ஒரு ரூபாய்.)

நம் தேசத்து ஏரோப்ளேன் ஆட்கள் 9க்கு பலகாரம், காப்பி, ரூ. 2-6-0
மேற்படி 9க்கு, ரூ. 2-6-0
மேற்படி 7க்கு, ரூ. 1-14-0

மூன்றாவதில் 7 என்று பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அண்ணே, மீதி இரண்டு பேர்?

---

இன்ஜின்பிட்டர் · வியாழன், இரவு 9:31

டியூட்டி மாறியிருக்கும் ஆச்சி. இரவு முறை பார்த்தவன் காலையில் தூங்குவான். பலகாரத்தைவிடத் தூக்கம் பெரிது. எண்ணிக்கையை வைத்து ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒன்பது பேரில் மஜும்தார் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. எனக்கென்னவோ பட்டறை ஆட்களாக இருக்கும் என்று தோன்றுகிறது. டவுனுக்குள் பலகாரம் தேடி அலைகிறவர்கள் எப்போதும் நாங்கள்தான்.

---

பெட்டியடி · வியாழன், இரவு 9:40

தலைப்பு ஆச்சி, தலைப்பு. எந்தக் கணக்கு?

---

வளவுவீடு · வியாழன், இரவு 9:52

சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகமையும் இல்லை, வீட்டுச் செலவும் இல்லை. ஐயா தனிப் பக்கம் போட்டுத் தலைப்பு எழுதியிருக்கிறார்: 'ஏரோப்ளேன் கம்பெனி பற்று'. அடியில் கூட்டி, 'ஆக வரவேண்டியது ரூ. 6-10-0'.

---

தேக்குத்தூண் · வியாழன், இரவு 9:55

ஹாஹாஹா! குண்டு விழுகிறது, ஊர் எரிகிறது, கடன் எழுதியிருக்கிறார்! நான் கும்பிடுகிறேன்.

---

ஓடுதளத்து_ஆடு · வியாழன், இரவு 10:01

வரவு வந்ததா?

---

வளவுவீடு · வியாழன், இரவு 10:04

வரவுப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அடுத்த தாளிலிருந்து எழுத்தே இல்லை. கடை மூடிக் கிளம்பியிருப்பார்.

---

பெட்டியடி · வியாழன், இரவு 10:20

83 வருஷம். 100க்கு 9 வட்டி என்று வைத்தால், தனி வட்டியில் முதலும் சேர்த்து 56 ரூபாய் 11 காசு. கூட்டு வட்டி என்றால் 8,464 ரூபாய்.

---

இன்ஜின்பிட்டர் · வியாழன், இரவு 10:33

விமானப்படை சார்பில் நான் கட்டுகிறேன் ஆச்சி. பென்ஷன்காரன், தனி வட்டிதான் முடியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் வருகிறேன். பக்கத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

---

வளவுவீடு · வியாழன், இரவு 10:41

வாங்க அண்ணே. ஆத்தா வெள்ளைப்பணியாரம் செய்வதாகச் சொல்லிவிட்டார். ஆனால் கூட்டு வட்டிதானாம், அதையும் சொல்லச் சொன்னார்.